மாத்திரைக்கு ஒரு வாரம், நடைக்கு ஒரு வாரம்

சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். எங்கே இரண்டு பேர் நின்றாலும் ஒருவரை வெட்டிவிடுவார். "ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா? கம்பெனி என்ன சத்திரமா?" என்பது ஷிப்டு சூப்பர்வைசராக அவர் உலகுக்கு அருளிய தத்துவம்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் உடம்புக்கே ஒருத்தி ஒரு வேலைக்கு இரண்டு ஆள் போட்டால் ரத்தம் கொதிக்காதா?

கொதித்தது. அந்த ரத்தத்தைத்தான் கம்பெனி டாக்டரம்மா பரிசோதித்திருந்தார். தொப்பை, ரத்த அழுத்தம், எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கூட்டணி வைத்திருந்தன.

"கொலஸ்ட்ராலுக்கு இந்த மாத்திரை தினமும். வேகமான நடை, அதுவும் தினமும். அடுத்த டெஸ்ட்ல குறையலேன்னா மெஷின் பக்கம் வேலை பார்க்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் குடோன். அங்கே ஒரு நாற்காலியும் காலி அட்டைப்பெட்டிகளும்தான் உண்டு. அட்டைப்பெட்டியை யார் அதட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் தலைவர் உடம்புக்கு ஷிப்டு போட்டார். ஒரு வாரம் மாத்திரைக்கு டூட்டி, நடைக்கு லீவு. மறுவாரம் நடைக்கு டூட்டி, மாத்திரைக்கு லீவு.

"அவங்க ரெண்டும் தினமும்னுதானே சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவங்களுக்கு ஆளை வெச்சு வேலை வாங்கத் தெரியாதும்மா."

மாத்திரை வாரத்தில் தெருமுனைக் கடைக்கும் வண்டியில்தான் போனார். மாத்திரை உழைக்கும்போது கால் எதற்கு உழைக்க வேண்டும்? நடை வாரத்தில் மாத்திரை அட்டை அலமாரியில் சம்பளத்தோடு கூடிய விடுப்பில் கிடந்தது.

அடுத்த டெஸ்டில் கொழுப்பு குறைய மனமில்லாமல் முரண்டு பிடித்தது. ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் புகுந்தார்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க? என்ன நடை சொன்னீங்க? ரெண்டும் வேலைக்காகாதுங்க!"

டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டதில் ஷிப்டு விவகாரம் வெளியே வந்தது. டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை முக்கியமா ரத்தத்துல இருக்கிற கொழுப்பைப் பார்க்குது. தொப்பை, சர்க்கரை, நெஞ்சுக்குத் தெம்பு இதெல்லாம் நடையோட வேலை. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வராது சார்."

"அப்ப ரெண்டும் என்னை ஏமாத்துது."

"வாரம் விட்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினது நீங்க! இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். அப்புறம் குடோன்தான்."

இந்த அக்கிரமத்தை மனைவியிடம் முறையிட்டார். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க சீல் வைக்கிற மெஷின்ல சோப்பு வைக்கிற ஆளைத் தூக்கிட்டு, பெட்டி எடுக்கிறவரையே ரெண்டும் பார்க்கச் சொன்னீங்களே, என்னங்க ஆச்சு?"

"அது வேற."

"சோப்பு தரையில, பெட்டி காலி, மேனேஜர் கூரை பிய்யக் கத்தினாரு. நீங்கதான் வந்து சொன்னீங்க."

மாத்திரையை விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டினார். அன்று முதல் தினமும் இரண்டும் நடந்தன. அத்தனையும் கோபத்தில்தான். அவர் நடந்த வேகத்தைப் பார்த்துத் தெருநாய்கள் ஒதுங்கி நின்றன.

கடைசி டெஸ்டில் கொழுப்பு இறங்கியிருந்தது, பெல்ட்டும் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"இதுல யாரு உருப்படியா வேலை பார்த்தது? மாத்திரையா, நடையா?" என்றார் கத்தரிக்கோல்.

"ரெண்டு பேரும்தான் சார்."

"அப்ப ஒருத்தரை நிறுத்திப் பார்க்கலாமா?"

பேனா காகிதத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. குடோன் நாற்காலி கண்முன் வந்து போனது.

"விடுங்க, விடுங்க. ரெண்டு பேரும் இருக்கட்டும்."

மறுநாள் சீல் வைக்கும் மெஷினில் இரண்டு பேர் நின்றார்கள். பெட்டி எடுக்கிறவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ன சார், கத்தரிக்கோல் மழுங்கிடுச்சா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருங்கய்யா," என்று சீறியவர், இரண்டடி போய்த் திரும்பினார். "ரெண்டு பேருந்தான்!"