இரண்டு மாதம் முந்திப் போய் சூரியகாந்தி பார்த்த கதை

ஜூன் முதல் வாரத்தில் யாராவது குற்றாலம் போவார்களா என்று கேட்காதீர்கள். நாங்கள் போனோம். குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்து மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது. தினமும் எழுந்ததும், பல்கூட விளக்காமல், இணையதளத்தில் எங்கள் வரிசை எண்ணைப் பார்ப்பேன். அது நகர்ந்தால்தானே. போதும், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடலாம் என்று ஒருநாள் அழுதேன். இரண்டு நாள் எங்காவது போய்விட்டு வந்து முடிவு செய்வோம் என்றார் கணவர் பிரபு.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலை எட்டு மணிக்குத் தென்காசி. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தோம். மதியம்வரை சுற்ற 900 ரூபாய். ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். சாரல் இன்னும் தொடங்கவில்லை, மெயினருவியில் பாறையை ஒட்டி நூல் மாதிரி தண்ணீர். அதற்கும் பெண்கள் பக்கம் வரிசை. எனக்கு முன்னால் ஒருத்தி மகளின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே நின்றாள். என் கை சும்மா இருந்தது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? இருபது நிமிடம் நின்று, குளித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து தென்காசி வழியாக சுந்தரபாண்டியபுரம், அரை மணி நேரம். படங்களில் பார்த்த மஞ்சள் சூரியகாந்தி வயல் எங்கே என்று தேடினேன். கண்ணுக்கெட்டியவரை வெறும் மண். பூவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று ஆட்டோ அண்ணாச்சி சிரித்தார்.

ஒரு வயலில் என் வயதுப் பெண் ஒருத்தி தகர டப்பாவைத் தட்டி மயில் விரட்டிக்கொண்டிருந்தாள். விதைத்து ஐந்து நாள் ஆகிறது என்றாள். பேசிக்கொண்டே குனிந்து விரலால் மண்ணைக் கிளறினேன். விதை கிடைத்தது, வெள்ளையாக ஒரு வேரோடு. எடுத்த வேகத்தில் அந்த வேர் முறிந்துவிட்டது.

"மயில் பண்ணுத வேலையை நீங்களும் பண்ணுதியளே," என்றாள். கோபம்தான். "தோண்டிப் பாக்கலைன்னா மொளைக்காதாக்கும்?"

மன்னிப்புக் கேட்டேன். போன வாரம் பெய்த ஒரே மழையை நம்பி விதைத்திருக்கிறாள். அடுத்த மழை எப்போது என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் வெதைச்சாச்சு. இனிமே சாமி பாடு," என்று சொல்லிவிட்டு மறுபடி டப்பாவைத் தட்டப் போனாள்.

திரும்ப ஆட்டோவில் ஏறினோம். இத்தனை நாள் சாமியிடம் சண்டைதான் போட்டிருக்கிறேன், எதையும் அவர் பொறுப்பில் விட்டதில்லை. வாபஸ் வாங்கிவிடலாமா என்று பிரபு கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஏக்கம் போய்விடவில்லை. காலையில் எண்ணைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன், இன்றோடு பன்னிரண்டு நாள்.

போகிறவர்களுக்கு: சூரியகாந்திக்கு ஜூலை கடைசி, ஆகஸ்ட்தான் சரி, சாரலும் கிடைக்கும். கேட்காமல் வயலில் இறங்காதீர்கள். நாங்கள் ஆகஸ்டில் திரும்பப் போகிறோம், இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் வேண்டாம். அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.