பொழுது சாயுமுன் சாப்பிட்ட பூனை

பூனைக்குப் பொழுது சாய்ந்த பிறகு சோறு கிடையாது என்று சட்டம் போட்ட வீடு, செஞ்சியிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் சமணர்கள். நைனா மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிட வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அதற்குப் பிறகும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். எங்களுக்கு மலை குறுக்கே நின்று அதையும் பிடுங்கிக்கொண்டது.

மண்டியும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் மூட்டைகள், பின்பக்கம் நாங்கள். மூட்டைகளுக்கு நடுவே எலிகள் கல்யாண வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி திரியும். மற்ற கடைக்காரர்கள் மருந்து வைத்தார்கள், பூனை வளர்த்தார்கள். நைனா இரண்டுக்கும் ஒப்பவில்லை. பூனை செய்கிற கொலையில் அதற்குச் சோறு போட்டவனுக்கும் பங்கு உண்டு என்பார். அவரைப் போல ஒரு முதலாளி அந்த எலிகளுக்குக் கிடைத்தது பூர்வ புண்ணியம்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி வந்தது அக்காவால்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்காவுக்கு இருபதுகூட ஆகவில்லை. கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் முடிவதற்குள் மாமா காய்ச்சலில் போய்விட்டார். கொண்டுபோன தகரப்பெட்டியோடு அவள் திரும்பி வந்தாள். பஸ்ஸிலிருந்து அவளை இறக்கிக் கூட்டிவந்த நைனா, வாசலில் வைத்து, "பழகிடும்மா, எல்லாம் பழகிடும்" என்றார். அதற்குப் பிறகு அவள் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு பின்வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கெல்லாம் அஷ்டமி, சதுர்த்தசிக்கு உபவாசம் என்றால் அவளுக்கு வாரத்தில் பாதி நாள் உபவாசம். அம்மா தட்டோடு போய் நிற்பாள். "இன்னைக்கு எனக்கு வேணாம்மா" என்பாள். அதைத் தவிர அவள் பேசி நான் கேட்டதில்லை. அம்மா கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு, கண்ணில் வெங்காயம் பட்டது என்பாள். எங்கள் வீட்டில் வெங்காயமே வாங்குவதில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அத்தையின் பூனை குட்டி போட்டிருந்தது. அக்கா சுவருக்கு மேலே தெரிந்த ஒரு சாம்பல் நிறக் குட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை அத்தை கவனித்திருக்கிறாள். மறுநாள் அதை ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து படியில் வைத்தாள்.

"நாலு பாதத்துலயும் நல்லெண்ணெய் தடவி வுடு பாப்பா. அது நக்கி முடிக்கிறதுக்குள்ள பழைய வூடு மறந்து பூடும்" என்றாள்.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். குட்டியை மடியில் கிடத்தி ஒவ்வொரு பாதமாகத் தடவினாள். அது நக்கியது. நக்கிக்கொண்டே அவள் மடியிலேயே தூங்கிப்போனது. நைனா விரட்டத்தான் வந்தார். வந்தவருக்கு முன்னால் அக்கா குட்டியிடம், "இன்னா, தூக்கமா?" என்று கேட்டாள். நைனா அப்படியே நின்றார். பிறகு, இருக்கட்டும், ஆனால் இந்த வீட்டில் இருந்தால் இந்த வீட்டு ஒழுங்குதான், ஓர் உயிர் போனாலும் அன்றைக்கே அதுவும் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார்.

அன்று முதல் குட்டியைத் திருத்துவது எனக்கும் அக்காவுக்கும் வேலையாயிற்று. உடைந்த சட்டியில் அடுப்புச் சாம்பலைப் பரப்பிப் பின்கட்டு மூலையில் வைத்தோம். சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு போய் அதில் விடுவாள் அக்கா. சீக்கிரமே தானாகப் போய்க் காரியத்தை முடித்து மூடிவிட்டு வரக் கற்றுக்கொண்டது. பூஜை அலமாரிப் பக்கம் போனால் மூக்கில் ஒரு சுண்டு. பால்சோறு, தயிர்சோறு, அதுவும் வெளிச்சத்தில் மட்டும். ராஜகிரி மேல் சூரியன் தொட்டதும் அது தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். நான்கூட அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா சாப்பிட உட்கார்ந்தால்தான் அது தட்டில் வாய் வைக்கும். அதற்காக அவளும் சாப்பிட்டாள். அம்மா அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்ப்பாள். ஒரு தட்டுச் சோறு காலியாவதை அத்தனை ஆசையாகப் பார்த்த மனுஷியை நான் பிறகு கண்டதில்லை. குட்டி வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு அது ஒன்றையும் கொல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய கவலையும் அது ஒன்றுதான்.

அதனால்தான் அக்கா பெட்டியைத் திறந்து, இனிமேல் போடக்கூடாத தன் கல்யாணக் கொலுசிலிருந்து ஒரு சலங்கை முத்தைக் கழற்றி, நூலில் கோர்த்துக் குட்டியின் கழுத்தில் கட்டினாள். சத்தம் கேட்டு எலி ஓடிவிடும், குருவி பறந்துவிடும். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். பூனைக்கு மணி கட்டிய சங்கதி கடைத்தெருவெங்கும் பரவி, மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நைனாவுக்கு உள்ளூரப் பெருமை. எலி பக்கத்தில் போனாலும் திரும்பிப் பார்க்காத பூனை என்று வியாபாரிகளிடம் சொல்லிக்கொண்டார். எலிகளும் அதே நம்பிக்கையில் இருந்தன.

ஆனால் குட்டி வளரவில்லை. சுவருக்கு அப்பால் அதன் கூடப்பிறந்தவை கருவாட்டுத் தலையைத் தின்று உருண்டு திரண்டிருந்தன. இதற்கு விலா எலும்பு தெரிந்தது. விளக்கு வைத்த பிறகு அடுப்பங்கரை வாசலில் நின்று கத்தும். கத்தும்போது அந்தச் சின்ன மணியும் கூட நடுங்கும். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது.

ஒரு நாள் அக்கா நைனாவிடம் நேரடியாக, "பசிக்குது நைனா அதுக்கு" என்றாள்.

நைனா கணக்குப் பார்த்துக்கொண்டே, "பழகிடும்மா. எல்லாம் பழகிடும்" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அக்கா வழக்கம் போலப் பின்வாசல் படியில் இருந்தாள். முருங்கை மரத்தடியிலிருந்து குட்டி நடந்து வந்தது. சத்தமே இல்லை. வாயில் ஓர் அணிற்பிள்ளை. நேராக அக்காவிடம் வந்து, அவள் காலடியில் அதை வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்தது.

நான் அலறிவிட்டேன். அம்மா ஓடிவந்தாள், நைனா வந்தார். "மணி எங்கடி?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ மாட்டி அறுந்திருக்கும் என்றேன். அது அறுகிற நூல் இல்லை, பல்லால் கடித்துப் போட்ட முடிச்சு. அக்காவின் வலது கை மூடியே இருந்தது. அதை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

நைனா வாயைத் திறப்பதற்குள் அக்கா கையிலிருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள். அணிற்பிள்ளையை மரத்தடியில் புதைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தாள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். கிறிஸ்தவ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அன்றைக்குச் செய்த மாதிரியே நாலு பாதத்திலும் எண்ணெய் தடவி, அத்தையிடம் நீட்டினாள். அத்தை வாங்கிக்கொண்டு ஒரு கருவாட்டுத் துண்டைப் போட்டாள். குட்டி அப்படியொரு ஆவலோடு தின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தப்பு செய்த பூனையைத் தண்டித்து வைத்திருக்கலாம், நைனாவிடம் கெஞ்சியிருக்கலாம், இப்படித் தானாகக் கொண்டுபோய்த் தள்ளுவார்களா என்று அக்காவோடு பேசாமல் இருந்தேன். அவளும் என்னை இழுத்துப் பேசவில்லை. தட்டு மறுபடியும் நிறைந்தபடியே திரும்பிப் போனது.

மழைக்காலம் வருவதற்குள் அந்தக் குட்டி கொழுத்த பூனையாகிவிட்டது. ஒரு நாள் பின்சுவர் மேல் நடந்து போனது. நான் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு நம்மள மறந்து பூடுச்சுக்கா" என்று அவளிடமே போய் அழுதேன்.

"மறக்கட்டும். போறதுக்கு அதுக்காவது ஒரு வூடு இருக்குது" என்றாள்.

நமக்கும்தான் இவ்வளவு பெரிய வீடு இருக்கிறதே என்று சொன்னேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக ஒரு திருப்திகூட எனக்கு.

அக்கா அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. நான் கல்யாணமாகிப் போனேன், நைனா போனார், அம்மா போனாள். கடைசிவரை அவள் அங்கேதான் இருந்தாள், அதே பின்வாசல் படியில்.

குட்டியைக் கொண்டுபோய் விட்ட அந்தச் சாயங்காலம், வீட்டுக்கு வந்ததும் அக்கா படியில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சலங்கை முத்தைப் பக்கத்தில் வைத்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதைக் கையில் ஊற்றித் தன் இரண்டு பாதத்திலும் தடவிக்கொண்டாள். விரலிடுக்கு, குதிகால் என்று ஓர் இடம் விடாமல் மெதுவாகத் தடவினாள். பாவம், அக்காவுக்குக் கால் வெடிப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.