ஒரு மாதமாகப் பேசாத மெஷின்

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, செஞ்சியில் நடந்தது இது. ஊருக்குள் இன்டர்நெட் கொடுக்கும் சின்ன கம்பெனியில் நான்தான் நெட்வொர்க் இன்ஜினீயர். வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பழைய வகை எண்கள் தீர்ந்துபோனதால், ஊரையே புது வகைக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழசும் புதுசும் நேராகப் பேசிக்கொள்ளாது. நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். முன்பெல்லாம் இதற்கு இடம் இடமாகப் போய்ப் பெட்டியைத் திறக்கணும். இப்போது எந்தெந்தப் பழைய எண்களுக்கு மொழிபெயர்க்கணும் என்று ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டால் போதும். ஒரு மாதமாகச் சத்தமே இல்லாத பழைய எண்களை, எப்பவோ செத்த மெஷின்கள் என்று நினைத்துப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். என் போனில் நெட் வேகமாகப் பறந்தது. டீ குடிக்கப் போனேன்.

பதினோரு மணிக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். “மேடம், ஈசிஜி போவவே மாட்டேங்குது. நெஞ்சு வலின்னு ஒருத்தரு படுத்துனு இருக்காரு. கேஸ் டிரபுளா, ஹார்ட்டான்னு தெரியல. விழுப்புரத்துல டாக்டரு காத்துனு இருக்காரு.”

“எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்குது. உங்க ஒயரைப் பாருங்க” என்று வைத்துவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அழுதுவிட்டார். அப்புறம்தான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

அந்த மெஷின் தாளில் அச்சடிக்காது, நேராக டாக்டருக்கே அனுப்பும். யாருக்காவது நெஞ்சு வலித்தால்தான் அதற்கு வேலை. கடவுளே! ஒரு மாதமாக யாருக்கும் வலிக்கவில்லை, அவ்வளவுதான். நான் தூக்கிய எண்களில் ஒன்று அது. லேப்டாப்பைத் திறந்து பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் நர்ஸ் முதலில் கூப்பிட்டு அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ஈசிஜியைப் பார்த்ததும் டாக்டர், உடனே ஆம்புலன்ஸில் ஏற்றச் சொன்னார். வலியோடு படுத்திருந்தவர் சிங்கவரத்துக்காரர், ஐம்பது வயதுகூட இருக்காது. ஏற்றும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓடியாந்து சரி பண்ணிக் குடுத்தியேம்மா, நீ நல்லா இருக்கணும்” என்றார். விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் அந்த மனிதர் இறந்துவிட்டதாக, சாயங்காலம் நர்ஸ் சொன்னார்.

முதல் தடவை கூப்பிட்டபோதே நான் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதெல்லாம் பேசாமல் கிடக்கிற எந்த மெஷினையும் நேரில் போய்ப் பார்க்காமல் நீக்குவதில்லை. சிங்கவரம் ஸ்கூட்டியில் பத்து நிமிஷம்தான். ஆனாலும் அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்ல இதுவரை என்னால் முடியவில்லை. யாராவது என்னை நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினால், இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.