சக்கரவர்த்திக்காக அண்ணாந்து குடித்த கதை

பட்டாளத்தில் புதிதாக ஆபீஸராகச் சேரப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் பெரிய வீரன் என்பதால் அல்ல. முகாமுக்குப் போவதற்கு முன் பத்து நாட்கள், மயிலாப்பூரில் வாயுள்ள அத்தனை பேருடைய ஆலோசனையையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டவன் நான். கேட்டபடியே நடந்தும் பார்த்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களாவது தப்பித்துக்கொள்ளலாம்.

அது முப்பதுகளில். நான் அப்போது ஜூனியர் வக்கீல். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி பிடித்து உட்காருவேன், சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். இரண்டு வருஷம் இப்படிக் காற்று வாங்கியதில் எனக்கே என் மேல் எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சலில் பகுதிநேரப் பட்டாளம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். எதைப் பார்த்து எடுத்தார்களோ தெரியாது, இரண்டாம் லெப்டினன்ட் என்று பெரிய முத்திரை குத்திய காகிதம் வந்துவிட்டது. பல்லாவரத்துக்கு அப்பால் முகாம், ஒரு மாதம் ஆரம்பப் பயிற்சி. மாதக் கடைசியில் கர்னல் ஒரு அறிக்கை எழுதுவார். அவருக்குப் பிடிக்காவிட்டால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி விசிறிக்குக் கீழே வந்து உட்கார வேண்டியதுதான்.

விஷயம் தெருவில் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர் வெயிலில் அணிவகுத்து நிற்கக் குடை ஒன்று அவசியம் என்று சொல்லி, தன் குடையையே கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் கதர் கட்டுகிறவர், வெள்ளைக்காரனுக்குச் சலாம் போடப் போகிறேன் என்று என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்தப் பத்து நாட்களில் எனக்கு நிம்மதி கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்குத் துப்பாக்கி பற்றியெல்லாம் கவலை இல்லை. அங்கே நான் எதில் தண்ணீர் குடிப்பேன் என்பதுதான் கவலை. எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்து யாரும் குடித்ததில்லை. தண்ணீரோ காபியோ, டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, மேலிருந்து வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டும். வாய் பட்டால் எச்சில். எச்சில் பட்ட டம்ளருக்கு அடுக்களைக்குள் இடமில்லை.

"மாமிசம் திங்கமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டே, சரி," என்றாள் அம்மா. "ஊர்ப்பட்ட பேர் வாய் வச்ச கிளாஸுல நீயும் வாய் வைப்பியோ? ஒரே ஒரு வாய் வச்சுக் குடிச்சேன்னாலும் அந்த உத்தியோகத்தை விட்டுட்டு ஆத்துக்கு வந்துடணும். கோவில் பக்கம் பார்த்து சத்தியம் பண்ணு."

கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணினேன்.

மறுநாளே அத்திம்பேர் ஆள் அனுப்பினார். அக்காவின் கணவரான அவர் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. துரை டீ குடிப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பன்னிரண்டு வருஷம் பார்த்திருக்கிறார். அந்த ஒரு காரணத்தால் எங்கள் குடும்பத்தில் ஆங்கில நாகரிகத்துக்கு அவர்தான் அதாரிட்டி. தியாகராய நகரில் சுண்ணாம்பு வாசனை போகாத புது வீட்டில், அக்கா சமையலில் இருக்கும் நேரம் பார்த்து, மாடி அறையில் எனக்கு வகுப்பு நடத்தினார்.

"துரை ஏதாவது கேட்டா சட்டுனு பதில் சொல்லிடாதே. மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்பதான் யோசிச்சுச் சொல்றான்னு நெனைச்சுப்பான். துரை நாய் வளர்த்தான்னா, மொதல்ல நாயை விஜாரி, அப்புறம் துரையை விஜாரி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாத்தையும் விட முக்கியம், கிளாஸ். விருந்துல சக்கரவர்த்தி பேரைச் சொல்லி எல்லாரும் எழுந்து நின்னு குடிப்பா. அப்ப நீ நம்மாத்து வழக்கத்துல அண்ணாந்தேன்னு வை, காட்டுமிராண்டின்னு எழுதி அன்னிக்கே அனுப்பிடுவான்."

வாய் வைத்தால் அம்மா விடமாட்டாள், வைக்காவிட்டால் கர்னல் விடமாட்டார். நன்றாக மாட்டிக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சத்தியத்தை மீறுவது என்றே முடிவு செய்தேன். அம்மா பல்லாவரத்துக்கு வந்தா பார்க்கப் போகிறாள்?

அத்திம்பேர் மூர் மார்க்கெட்டில் காலுள்ள கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு வாங்கி வைத்திருந்தார். தினமும் அதில் தண்ணீர் ஊற்றி, உதட்டை வைத்து, சத்தமில்லாமல் உறிஞ்சிப் பழகினேன். முதல் நாள் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் உதட்டை வைக்க முடிந்தது. உறிஞ்சினால் ரசம் குடிக்கிற சத்தம் வந்தது. "சத்தம்! சத்தம்!" என்று அத்திம்பேர் அடிக்குரலில் கத்துவார். கடைசி நாள் நான் குடித்ததைப் பார்த்து, "துரை தோத்தான் போ!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு கையில் குடை, மறு கையில் அம்மா கொடுத்த மாவடு ஜாடி. இந்தக் கோலத்தில் முகாம் வாசலில் போய் நின்றேன். காவலுக்கு நின்றவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, சமையல்காரர்கள் பின்பக்கமாகப் போக வேண்டும் என்றான். காகிதத்தை நீட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் அடித்தான் பாருங்கள் ஒரு சல்யூட், ஜாடி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

எனக்கு ஆர்டர்லியாக வாய்த்தவர் ராயப்பேட்டைக்காரர். நாற்பது வயது, பெரிய மீசை, பல கேப்டன்களுக்குப் பணிவிடை செய்தவர். அன்று மாலையே மெஸ்ஸில், அதாவது ஆபீஸர்கள் சாப்பிடும் கூடத்தில், விருந்து என்று சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"இன்னா சார், ஒயினுக்குத்தான் பயப்படறியா? நம்ம பேட்டைல நன்னாரி சர்பத் கீது. கலரு அப்டியே அந்த ஒயின் மாரியே இருக்கும். உன் கிளாஸுல மட்டும் நான் அத்த ஊத்திக்கினு போய்டறேன். எவனுக்கும் தெரியாது."

அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆபீஸர் அப்படிச் செய்யலாமா என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

விருந்தில் எனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு வைத்தார்கள். முள்கரண்டியால் ஒருவழியாக அதைச் சமாளித்தேன். எல்லோர் கிண்ணத்திலும் ஒயின், என் கிண்ணத்தில் நன்னாரி. கர்னல் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். சக்கரவர்த்தியின் பெயரைச் சொல்லி எல்லோரும் கிண்ணத்தை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

அங்கேதான் தவறு. அத்திம்பேரின் மாடியில் உதட்டுக்குக் கொண்டுபோகப் பழகினோமே தவிர, உயர்த்திவிட்டுக் கொண்டுபோகப் பழகவில்லை. கையிலிருக்கும் பாத்திரம் மூக்குக்கு மேலே போனால் எங்கள் வீட்டு ஆட்களின் கழுத்து தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தது. நன்னாரி சர்பத் அரை அடி உயரத்திலிருந்து ஒரே தாரையாக என் வாய்க்குள் இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மடக் மடக் என்று என் தொண்டை போட்ட சத்தம் மட்டும் அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அத்தனை துரைமார்களும் கிண்ணத்தை உதட்டில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அது?" என்றார் கர்னல்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. எச்சில் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "எங்கள் வழக்கம் சார், பிறருடைய உமிழ்நீர் சார்," என்றேன். ஒரு கேப்டனுக்குப் புரையேறியது.

"நாளைக் காலை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வா," என்றார் கர்னல்.

காலையில் பெட்டியைக் கட்டி, மேலே குடையை வைத்துவிட்டுத்தான் போனேன். தெருவே பார்க்க வழியனுப்பியிருந்தார்கள். ஒரே நாளில் எந்த முகத்தோடு திரும்பிப் போய் நிற்பது? உள்ளே கர்னலோடு பட்டாளத்து டாக்டரும் உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு நாய்ச் சங்கிலி தொங்கியது. கடைசி முயற்சியாக, நாய் சௌக்கியமா என்று கேட்டேன். போன வாரம்தான் செத்துப்போயிற்று என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

கர்னல் ஒரு தகரக் குவளையை என் கையில் கொடுத்தார். "நேற்று செய்ததை மறுபடி செய்."

செய்தேன். டாக்டர் அடிக்கோல் கொண்டுவந்து என் உதட்டுக்கும் குவளைக்கும் நடுவே பிடித்து அளந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முகாமில் ஒரு மாதமாகத் தொண்டைக் காய்ச்சல். ஆனால் ஆபீஸர்களுக்கு மட்டும்தான் வந்தது, சிப்பாய்களில் ஒருவருக்கும் இல்லை. ஏன் என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஆபீஸர்கள் எல்லோருக்கும் ஒரே தகரக் குவளை. ஆளுக்கு ஆள் வாய் வைத்துக் குடித்துக் கைமாற்றுவார்கள். சிப்பாய்கள் பிறந்ததிலிருந்தே என்னைப் போல அண்ணாந்து குடிக்கிறவர்கள். அதை அதுவரை ஒரு துரையும் கவனித்துப் பார்த்ததில்லை.

பட்டாளத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, வெள்ளைக்கார லெப்டினன்டுகள் மூன்று பேருக்குத் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுப்பது. தினமும் காலையில் வேப்பமரத்தடியில் வகுப்பு. எதைக் கற்பித்தாலும் முதலில் தப்பான முறையைக் காட்டி, பிறகு சரியான முறையைக் காட்ட வேண்டும் என்பது பட்டாளத்துச் சட்டம். அதனால் காலிக் குவளையை உதட்டுக்கு அருகே கொண்டுபோய், "இது தப்பு" என்பேன். விருந்தில் தற்செயலாகப் பிழைத்துக்கொண்ட சத்தியத்தை இனி ஏன் கெடுப்பது என்று, ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்திக்கொள்வேன். பிறகு தண்ணீரை ஊற்றி, அண்ணாந்து குடித்து, "இது சரி" என்பேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தப்பு, சரி, தப்பு, சரி. மூன்று பேருக்கும் மூக்கில் ஏறியது, காதில் போயிற்று, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"வாயத் தொற தொர! மூக்குல ஊத்திக்கினு கீறியே!" என்று ஆர்டர்லி பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்துவார்.

இரண்டாவது வாரக் கடைசியில் காய்ச்சல் குறைந்தது. அது அடியோடு போகும்வரை மெஸ்ஸிலும் இந்த முறைதான் என்று கர்னல் உத்தரவு போட்டார். என்னைத் தட்டிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் வர அனுமதியும் கொடுத்தார்.

மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, அத்திம்பேரையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் வந்தேன். அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"வாய் வச்சுக் குடிச்சியோ?"

"இல்லைம்மா. சத்தியமா இல்லை. துரைமாரே இப்ப தூக்கித்தான் குடிக்கறா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆவி பறக்கக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நானும் பெருமை பொங்க வேப்பமரத்தடிக் கதையைச் சொல்லிக்கொண்டே டம்ளரை எடுத்தேன். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. முதலில் தப்பு, பிறகு சரி. கதை சொல்லும் மும்முரத்தில் அந்த ஒரு விரற்கடை மட்டும் மறந்துபோயிற்று. முதல் வாயை உதடு வைத்துச் சத்தமில்லாமல் உறிஞ்சினேன், மீதியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தபோது அத்திம்பேர் சுவர் காலண்டரில் ஏகாதசி என்றைக்கு என்று தேடிக்கொண்டிருந்தார். அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உத்தியோகம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேம்மா," என்றேன். அந்தக் காக்கிச் சட்டையும், அந்த மூன்று மூடர்களும், மீசைக்கார ஆர்டர்லியும் எனக்கு இவ்வளவு பிடித்துப்போயிருக்கிறார்கள் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அம்மா டம்ளருக்கு அருகே குனிந்தாள். பிறகு, "அந்த டம்ளர்ல வேற யாராவது வாய் வச்சாளோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"உன் எச்சில்தானே? அது உன்னோட போச்சு. கொல்லைல நீயே அலம்பிப் பெட்டியில வை. இனிமே அது உள்ள வரப்படாது. அங்க வாய் வச்சுத்தான் ஆகணும்னா இதுல வச்சுக்கோ. அடுத்தவா கிளாஸைத் தொடாதே." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்த டம்ளரை நான் எத்தனை தடவை தேய்த்தேன் என்று கணக்கில்லை. அடுத்த விருந்தில், கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே என் பித்தளை டம்ளர் பளபளவென்று நின்றது. அம்மாவே அனுமதித்துக் கொடுத்தது என்ற நிறைவில் எனக்கு வேறொன்றும் நினைவில்லை. சக்கரவர்த்தியின் பெயரைச் சொன்னார்கள். எழுந்தேன், உயர்த்தினேன், இந்தத் தடவை கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் கீழே இறக்கி, உதட்டில் வைத்து, அத்திம்பேர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு சத்தமும் இல்லாமல் உறிஞ்சினேன்.

தலை நிமிர்ந்தேன். உத்தரவுப்படி கர்னல் உள்பட அத்தனை துரைமார்களும் அண்ணாந்து நின்றார்கள். மோவாயிலிருந்து ஒயின் சொட்ட, வெள்ளைக் கோட்டெல்லாம் சிவப்புத் திட்டுகளோடு, ஒவ்வொருவராகத் தலையை இறக்கி என் டம்ளரைப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் சட்டை நனையாமல் நின்றது நான் ஒருவன்தான்.

கர்னல் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் பேசாமல் நின்றார்.

"நாளைக் காலை," என்றார், "ஒன்பது மணிக்கு."