எல்லாக் கேட்டிலும் சொல்லிவைத்தேன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கையுறையும் பாதுகாப்பு ஷூவும் விற்றுக்கொண்டு நான் பைக்கில் சுற்றிய காலம். யாராவது கேமரா வைத்த செல்போன் வாங்கினால், டீக்கடையே கூடி நின்று பார்க்கும். அந்த வேலையில் சுகம் உண்டு. தலைக்கு மேல் நின்று யாரும் விரட்ட மாட்டார்கள். பசித்தால் நாஷ்டா, அலுத்தால் புளியமரத்தடி. கஷ்டமும் உண்டு. ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் வெயிலில் நிற்க வேண்டும். பர்ச்சேஸ்காரர் உள்ளே ஏசியில் உட்கார்ந்தபடியே, தான் இல்லையென்று சொல்லி அனுப்புவார். முகமும் முழங்கையும் ஒரு நிறம், சட்டைக்குள் வேறு நிறம். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஆட்களை ஒட்டவைத்ததுபோல இருப்பேன்.

அப்போது செவ்வாப்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. காபித் தட்டை நீட்டும்போது என் இரண்டு நிறக் கையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டவள் அவள். பெண்ணின் அப்பாதான் இழுத்தார்.

“நாள் பூரா ரோட்ல சுத்திக்கினு இருக்குற வேலைன்றாங்க. ஆபீஸ்ல உக்கார்ற வேலைன்னா சொல்லுங்க, பேசலாம்.”

நல்லவேளையாக எங்கள் சென்னை ஆபீசில் ஒரு நாற்காலி காலியானது. அதற்கு நான் லாயக்கா என்று பார்க்க மேனேஜர் ஒருநாள் என்னோடு லைனுக்கு, கம்பெனி கம்பெனியாகச் சுற்ற, வருவதாகச் சொன்னார்.

மேனேஜர் வருகிறார் என்றால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். முந்தின நாளே வாடிக்கைக் கம்பெனிகளுக்குப் போய், “நாளைக்கு என்னைப் பத்தி நாலு வார்த்தை நல்லாச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொள்வோம். நான் ஒரு கேட்டையும் விடவில்லை. டீக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் இரும்பு ஆலை கேட்டில், ஆரம்பத்தில் என்னை மாதக்கணக்கில் வெளியே காயப்போட்ட மீசைக்கார செக்யூரிட்டி, மேனேஜருக்கு சல்யூட் அடித்தார்.

“இவுரு வரலன்னா எங்களுக்கு பேஜாராப் பூடும் சார். வேற ஆளு வந்தா கேட்டே தொறக்க மாட்டேன், ஆமா.”

அடுத்த கம்பெனி பர்ச்சேஸ்காரர், “உங்க கம்பெனி பேருகூட எனக்கு ஞாபகம் இருக்காது சார். இவரைத்தான் தெரியும்” என்றார். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனதுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

“இத்தனை பேரைப் பிடிச்சு வச்சிருக்கியேப்பா! உன்னை உள்ள உக்கார வச்சா, இங்க எவன் கேட்டைத் திறப்பான்? நீ இங்கயே இரு.”

நாற்காலி, எந்தக் கேட்டிலும் முகம் தெரியாத ஒருவனுக்குப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவிகள், ஒரு வார்த்தையாவது குறைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆபீஸ் வேலை இல்லையென்று நேரில் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டை போனேன். நான் வாயைத் திறக்கும் முன் பெண்ணின் அப்பா ஆரம்பித்தார்.

“நேத்து கும்மிடிப்பூண்டிக்குப் போய் விசாரிச்சிக்கினு வந்தேன் தம்பி. கேட்டாண்ட ஒரு மீசக்காரரு. உங்க பேரச் சொன்னதும் ஸ்டூலு போட்டு உக்கார வச்சிட்டாரு. நீங்க வரலன்னா பேஜாராப் பூடுமாமே!”

பொய்யில் பெண் கட்ட எனக்கு மனம் வரவில்லை. “அது நான் சொல்லச் சொன்னதுங்க. புதன்கிழமை வந்த மேனேஜருக்காக. ஆபீஸ் வேலையும் கெடைக்கல” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேனேஜரு போன பொறவுதானே நானு போனேன்? என்னாண்ட சொல்லச் சொல்லி அந்த மீசக்காரருக்கு யாரு சொன்னது?”

“மாப்பிள்ளைக்குக் காபி கொண்டாம்மா” என்று அவரே உள்ளே குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த முறை அவள் அடக்கிக்கொள்ளவில்லை.