கீழ் மண்ணடுக்கின் ஓடுகள்

எழுபதுகளின் கடைசியில், தில்லி முனிர்காவில் எருமைத் தொழுவத்தை ஒட்டிய அறையில் இருந்துகொண்டு, சோழமண்டலக் கரையில் இருந்த பழைய துறைமுகம் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். நாங்கள் அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகள் சாக்குச் சாக்காக ரயிலேறி, பல்கலைக்கழகத்தில் எங்கள் தொல்லியல் துறையின் பின்கட்டுக்கு வந்திருந்தன.

அந்த ஊரில் ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்தன. அதனால் ரோமானியர் வந்துதான் ஊரே உண்டாயிற்று என்று பெரிய மனிதர்கள் எழுதித் தள்ளினார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாடிகள் கிடைத்த மண்ணடுக்குக்கும் கீழே, வெளிநாட்டுச் சரக்கு எதுவுமே இல்லாத அடுக்கில், நம் ஆட்களின் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்தன. கப்பல் வருமுன்பே அங்கே மீன் குழம்பு கொதித்திருக்கிறது. என் ஆய்வேடு முழுக்க அந்த ஓடுகளை நம்பித்தான் இருந்தது.

அவற்றைக் கழுவி, எந்த அடுக்கில் கிடைத்தது என்ற எண்ணை ஒவ்வொன்றிலும் மசியால் எழுதி வைத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். ஆய்வேட்டுக்காக அவற்றைப் படம் வரையக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. திரும்பி வந்தால் பின்கட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கண்காட்சிக்கு இடம் வேண்டுமென்று என் பேராசிரியர் ஓடுகளைத் தரம் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். வாய் விளிம்பையும் அடிப்பாகத்தையும் பளபளப்பான ஓடுகளையும் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றுப்பாகத்தைத் தூக்கிப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். என் சாக்குகளில் இருந்ததெல்லாம் வயிற்றுப்பாகம்தான். ஸ்கூட்டர் கொட்டகைக்குத் தரை போட்ட கொத்தனார் அவற்றை ஜல்லியோடு ஜல்லியாகக் கொட்டி, மேலே சிமென்ட் பூசிவிட்டார்.

பேராசிரியர் கும்பகோணத்துக்காரர், மகள் மாதிரி என்னிடம் பிரியமாக இருப்பவர். சாதாரண ஓடுதானே, அடுத்த தடவை தோண்டிக்கொள்ளலாம் என்றார். ஒருமுறை தோண்டிய அடுக்கை மறுபடி தோண்டவே முடியாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அன்று மூண்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கண்காட்சிக்கு லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை பிள்ளைகளை அழைத்து வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மதுச்சாடியின் கழுத்து. மேலே, 'ரோமானியர் உண்டாக்கிய நகரம்' என்று பலகை.

"அவங்க வர்றதுக்கு முன்னால நம்மாளுங்க யாருமே அங்க இல்லையா?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

"இருந்தாங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற பேராசிரியர் கனிவாகத்தான் சொன்னார்.

"ஆதாரம் இல்லாம அப்படியெல்லாம் சொல்லப்படாதும்மா."

ஆசிரியை தலையாட்டிவிட்டு, பலகையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொன்னார்.