ராக்கம்மா பார்த்த கடைசி ரீல்

கொட்டாஞ்சேனைத் தியேட்டர்ல படம் ஓட்டுற சுடலைமுத்துவுக்கு ஒரே ஒரு குறைதான். ஊருக்கெல்லாம் படம் காட்டுற மனுசன்ட பொஞ்சாதி ராக்கம்மா அந்த வாசல்ல கால் வைக்க மாட்டா. கொலன்னாவையில எண்ணெய் நிரப்பி வச்ச பெரிய தாங்கிகள் எரிஞ்ச அன்னைக்கு அவ கதவைத் திறந்தா, வானமெல்லாம் நெருப்பு. வீடு மாறி இங்க வந்தும், சாத்தின கதவுக்குப் பின்னால அந்த நெருப்பு நிக்குதுன்னே அவளுக்கு நினைப்பு. தியேட்டர்ல கதவைச் சாத்தித்தானே படம் காட்டுவாங்க! வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். தெருப்பூனையெல்லாம் தாராளமா வந்து போகும்.

அந்தக் கிழமை வந்தது ஒரு வெளிநாட்டுப் படம். சண்டையில இருந்து வீட்டுக்கு வந்த சிப்பாய் ஒருத்தன், எந்தக் கதவைத் திறந்தாலும் கடல் நிக்கும், இல்லாட்டி செத்துப்போன கூட்டாளிமார் நிப்பாங்க. ஒரு மண்ணும் விளங்காது. பகல் ஷோ மெட்னிக்கு நாலு பேர்கூட வரல்ல.

"ஹோல் காலியாத்தான் கெடக்கு. கதவையும் திறந்தே வைக்கிறேன், வா புள்ள," என்று கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிட்டு வந்து, கதவோரமா உட்கார வச்சாரு.

மெசின் ரூம் ஓட்டையால படத்தைப் பார்த்தாரா, பொஞ்சாதியைப் பார்த்தாரா! அந்தப் பரவசத்துல கடைசி ரீலை, அதுக்கு முந்தின ரீலுக்கு முதல்ல போட்டுட்டாரு. வீட்டை நெருப்பு விழுங்கிறதோட முடிய வேண்டிய படம், சிப்பாய் கதவைச் சாத்திட்டு டீ குடிக்கிறதோட முடிஞ்சுது. "ஐயையோ!" என்று தலையில கைவச்சுக்கிட்டு நிக்க, ராக்கம்மா படியேறி வந்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"நெருப்பு வந்துட்டுப் போயிருச்சுங்க. அந்த ஆளு டீ குடிச்சான், பாத்தீங்களா?"

அன்னைக்குப் பின்னேரம் வீட்டுக் கதவு பாதி சாத்திக் கிடந்துது. சுடலைமுத்துவுக்குச் சந்தோசத்துல சோறு இறங்கல்ல.

மறுநாளும் வாறேன்னு அவ அவருகிட்ட சொன்னா. ரீலைச் சரியாப் போட்டா நெருப்புத்தானே கடைசி! முதலாளி பௌஸிகிட்ட ஓடிப் போய் உள்ளதைச் சொன்னாரு.

பௌஸி விழுந்து விழுந்து சிரிச்சாரு. "இந்தப் படம் வெளங்கின மனுசன் எவனாவது வந்து கேட்டா மாத்துவோம். போய் ஓட்டு!"

ஒருத்தரும் கேக்கல்ல. நெருப்பு முடிஞ்சு, சிப்பாய் டீ குடிக்கிற ரீல் கடைசியா ஓடத் தொடங்க, சுடலைமுத்து ஓட்டையால எட்டிப் பார்த்தாரு. ராக்கம்மா எழும்பிப் போய், திறந்து கிடந்த தியேட்டர் கதவைத் தன் கையாலயே சாத்திட்டு வந்து உட்கார்ந்தா.